துளி விழும் இடம்

மொறிஸ் மைனர் காரின் அடியில், எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் பெல் ஹவுசிங்கின் கீழ்ப்புறத்தில், ஒரு துளை இருக்கிறது. அதற்குள் ஒரு ஸ்பிளிற் பின் தொங்கிக்கொண்டிருக்கும். அது எதையும் பிடித்து வைத்திருக்கவில்லை. கார் ஓடும்போது தன்பாட்டில் ஆடும். ஆடுவதால் துளையில் சேறும் கிறீசும் கட்டி அடைபடாது. அவ்வளவுதான் அதன் வேலை. எஞ்சினின் பின்பக்கத்தால் வடியும் ஒயில், கிளச் தட்டில் ஏறிவிடாமல் இந்தத் துளை வழியாகக் கீழே போய்விட வேண்டும்.

ஒயில் வடியும் என்று தெரிந்தேதான் இதை வரைந்திருக்கிறார்கள். வடிந்தால் அது எங்கே போக வேண்டும் என்றும் யோசித்திருக்கிறார்கள். காருக்கடியில் படுத்து, கைவிளக்கைப் பிடித்து அந்தப் பின்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த யோசனைமேல் எனக்கு மரியாதை வருகிறது. குறையை ஒத்துக்கொண்டு அதற்கு வழியும் விட்டவர்கள் அவர்கள்.

*

கண்டியில் இந்தக் கார்களை இன்னும் பார்க்கலாம். அம்பிட்டிய ஏற்றத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் நெரிசலில், பேராதனைப் பக்கத்து வீட்டு முற்றங்களில். சிலவற்றில் இ.எல்., இ.என்., இ.வை. என்று சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளில் இருந்து எடுத்த பழைய இலக்கத் தகடுகள் இருக்கும். அதற்குப் பின் வந்தவற்றில் சிங்கள ஸ்ரீ எழுத்து. அந்த எழுத்தை முன்னிட்டு 1958 இனக்கலவரத்தில் இந்த நாடு என்ன பாடு பட்டது என்பதை வயதானவர்கள் மறக்கமாட்டார்கள். இரும்பு அதையும் சுமந்துகொண்டுதான் ஓடுகிறது.

மொறிஸ் மைனர் முதலில் வெளிவந்தது 1948-இல், லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில். வரைந்தவர் அலெக் இஸிகோனிஸ். பின்னாளில் மினி காரையும் அவரே வரைந்தார். ஆரம்பத்தில் பழைய மொறிஸ் எயிற் காரின் 918 சி.சி. எஞ்சினைத்தான் இதற்கு வைத்தார்கள். 1952-இல் ஒஸ்ரின் கம்பனியும் மொறிஸ் கம்பனியும் ஒன்றாகின. அதோடு ஒஸ்ரினின் ஏ-சீரிஸ் எஞ்சின் இதற்குள் வந்தது. முதலில் 803 சி.சி., 1956-இல் 948, 1962-இல் 1098. 1971-இல் உற்பத்தி நின்றபோது பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் தெருவுக்கு வந்திருந்தன. ஏ-சீரிஸ் எஞ்சின் மட்டும் மினியின் முகப்புக்குள் 2000-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தது.

என்னிடம் இருப்பது 948. நான் எழுதுவது பெரும்பாலும் அதைப் பார்த்து.

*

பின்பக்கத்து இரகசியம் இது. இந்த எஞ்சினில் கிராங்கின் பின்முனையை மூட றப்பர் சீல் கிடையாது. இன்றைய எந்தக் காரிலும் அந்த இடத்தில் தண்டை இறுகத் தழுவும் ஒரு சீல் இருக்கும். இதில் அதற்குப் பதிலாகக் கிராங்கின்மேலேயே ஒரு புரி வெட்டியிருக்கிறார்கள். கிராங்க் சுற்றும்போது, அங்கே வந்து சேரும் ஒயிலை அந்தப் புரி வாரி எடுத்து மறுபடி எஞ்சினுக்குள்ளேயே தள்ளுகிறது. ஆற்றில் இருந்து நீர் இறைக்க ஆர்க்கிமிடீஸ் பெயரில் சொல்லப்படும் திருகு இருக்கிறதே, அதே தத்துவம். புரிக்கும் அதைச் சுற்றியுள்ள இரும்புக்கும் நடுவே முடியளவு இடைவெளி. ஒன்றோடொன்று உரசுவதில்லை. உரசாததால் சீல் தேய்வது போல அது தேய்வதும் இல்லை.

ஆனால் சுற்றினால்தான் அது வேலை செய்யும். எஞ்சின் நின்றுவிட்டால் புரி வெறும் பள்ளம். மேலே பெயரிங்குகளில் தங்கியிருந்த சூடான ஒயில் மெல்ல இறங்கி வரும்; அதில் கொஞ்சம் அந்த இடைவெளியால் வெளியேறும். ஓடும்போது காய்ந்த நிலம், நிறுத்திய பிறகு ஈர நிலம் என்றால், கை நீட்ட வேண்டிய இடம் பெரும்பாலும் அந்தப் பின்முனைதான்.

நான் வழக்கமாகப் போகும் கராஜில் உள்ள பாஸிடம் ஒருநாள் சொன்னேன்.

“விடிய எந்திரிச்சுப் பாத்தா பத்து ரூவா காசு அளவுக்கு ஒயில் விழுந்திருக்கு, பாஸ்.”

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சேர், ராவைக்கு மூஞ்சிய எந்தப் பக்கம் வச்சு நிப்பாட்டுறீங்க? மேல பாத்தா, கீழ பாத்தா?”

எங்கள் வீட்டு முன் வழி சரிவு. கண்டியில் யார் வீட்டு முன் வழிதான் சரிவில்லை? நான் மேல் பார்த்துத்தான் நிறுத்துவேன். காலையில் பின்னால் உருட்டித் தெருவுக்கு இறக்கச் சுலபம் என்று. மூக்கு உயர்ந்தால் எஞ்சினின் அடித்தொட்டியான சம்பில் உள்ள ஒயில் எல்லாம் பின்பக்கம் வந்து தேங்கும். வழிந்து இறங்கும் ஒயிலுக்கும் பின்முனையே வாசல் ஆகிவிடும்.

“திருப்பி வச்சுப் பாருங்க சேர். அப்புறம் பேசுவம்.”

திருப்பி வைத்தேன். துளி முழுதாக நிற்கவில்லை, பாதிக்குமேல் குறைந்தது. ஒரு ஆணியும் கழற்றாமல், ஒரு சதமும் செலவில்லாமல். கொழும்பில் சமதரையில் வேலை பழகிய ஒருவருக்கு இந்தக் கேள்வி வாயில் வந்திருக்காது என்று நினைக்கிறேன். மலையூரில் பழகிய கைக்கு மலையும் ஒரு கருவி.

*

ஒயில் கசிவில் கண் ஏமாறும். கீழே எங்கே நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஓட்டை என்று மனம் உடனே முடிவு கட்டிவிடும். ஓடும் காரில் ஒயில் கீழே மட்டும் போவதில்லை. காற்று அதைப் பின்னாலும் தள்ளும். முன்னால், மேலே, எஞ்சினின் உச்சி மூடியான டெபற் கவரின் ஒரு மூலையில் தொடங்கிய ஈரம் புளொக்கின் பக்கவாட்டில் இறங்கி, சம்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே பின்னுக்குப் போய், கியர்பெட்டிக்குக் கீழே சொட்டும். சொட்டும் இடத்தைப் பார்த்து எஞ்சினைக் கழற்றினால் காசும் வீண், காலமும் வீண்.

முறை பழையது. மண்ணெண்ணெய் தொட்டுத் தூரிகையால் எஞ்சின் முழுவதையும் கழுவ வேண்டும். நன்றாகக் காய விட்டு, சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லத் தூவ வேண்டும். பிறகு காரை எடுத்துக்கொண்டு பேராதனைப் பூங்கா வரை போய்த் திரும்பினால் போதும். வெள்ளையில் ஒரு சாம்பல் கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் அடியைப் பார்க்கக்கூடாது. நுனியைத் தேட வேண்டும். மிக உயரத்தில், மிக முன்னால் எங்கே ஈரம் தொடங்குகிறதோ அதுதான் ஊற்று.

அந்தக் கோட்டை மேல்நோக்கித் தேடிப் போகும் பத்து நிமிடம் எனக்குப் பிடித்தமானது. கண் வேறெதையும் பார்ப்பதில்லை, மனம் வேறெங்கும் போவதில்லை. ஒரு தேய்ந்த ஆணித்தலை, அதன் கீழ் ஈரம் படாத தூசி. அடுத்த ஆணித்தலை, அதன் கீழ் ஒரு பளபளப்பு. இரண்டுக்கும் நடுவே விரலளவு தூரம்தான். வேலை அங்கே முடிந்துவிட்டது. மிச்சம் எல்லாம் சாவி வேலை.

இந்தக் காரில் இன்னும் ஒரு சிக்கல். கியர்பெட்டிக்கும் எஞ்சின் ஒயிலையே ஊற்றச் சொல்கிறது கைநூல், அதே 30 தரம். ஆகவே மணத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரு வெள்ளைக் கடதாசியில் துளியை ஏந்திப் பார்க்க வேண்டும். கறுப்பாக இருந்தால் எஞ்சினுடையது, புகையும் கரியும் கண்டது. தேன் நிறத்தில் இருந்தால் கியர்பெட்டியுடையது, நெருப்பைக் காணாதது. பின் அச்சின் ஒயில் வேறு. அதன் கந்தக நெடி மூக்குக்குத் தானே சொல்லிவிடும்.

*

இந்த எஞ்சினில் கோர்க் பேக்கிங் பல இடங்களில் வருகிறது. டெபற் கவருக்குக் கீழே ஒன்று, பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சிறு மூடிகளுக்கு ஒவ்வொன்று, சம்பின் முன்னும் பின்னும் வளைந்த கீற்றுகள். கோர்க் என்பது போர்த்துக்கல், ஸ்பெயின் பக்கம் வளரும் ஒரு ஓக் மரத்தின் பட்டை. மரத்தை வெட்டுவதில்லை, பட்டையை மட்டும் உரித்துவிட்டு, மறுபடி வளர ஒன்பது ஆண்டு போல காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருந்து எடுத்த பொருளை நாம் ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடுகிறோம், ஆணியை முறுக்கி.

கசிவைக் கண்டதும் கை போவது சாவிக்குத்தான். இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் நிற்கும் என்று தோன்றும். கோர்க்குக்கு அது பொருந்தாது. அளவுக்கு மேல் இறுக்கினால் அது வெளியே பிதுங்கும்; தகட்டு மூடி ஆணி இருக்கும் இடத்தில் குழிந்து, மற்ற இடத்தில் எழும்பும். இறுக்கிய இடத்தில் நின்ற ஒயில் இறுக்காத இடத்தால் வெளியே வரும். டெபற் கவரை இரண்டே இரண்டு நட்டுகள் பிடிக்கின்றன. அவற்றுக்கடியில் றப்பர் புஷ்களும் குழிந்த வாஷர்களும். விரலால் முறுக்கி, பிறகு சாவியால் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் நிறுத்துவதைத்தான் கை கற்றுக்கொள்ள வேண்டும். வளைந்துபோன மூடியைச் சமதரையில் கவிழ்த்து, மரச்சுத்தியலால் விளிம்பைத் தட்டி நேராக்கிவிட்டுத்தான் புதுப் பேக்கிங் போட வேண்டும். பலர் அந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

கடையில் பல வருடம் தொங்கிய கோர்க் காய்ந்த அப்பளம் போல உடையும். அதை இளஞ்சூடான தண்ணீரில் ஊறப் போட்டால் மறுபடி வளையும், அளவும் திரும்பும். அம்மாக்கள் அரிசி ஊறப் போடும் நேரத்துக்குப் பேக்கிங்கையும் ஊறப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம்.

பக்க மூடிகள் இரண்டும் புகைக்குழாய் மனிஃபோல்டின் கீழே ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே ஆணி பிடிக்கிறது. மனிஃபோல்டின் சூடு ஆண்டுக்கணக்காக அந்தக் கோர்க்கை வறுத்து வைத்திருக்கும். அங்கே கை போகாது என்பதால் யாரும் பார்ப்பதில்லை. பார்க்காததால் அங்கேதான் அதிகம் கசிகிறது. சொட்டும் ஒயில் சூடான குழாயில் விழுந்தால் கருகிய வாடை காருக்குள் வரும். அந்த வாடையைப் பழகிப்போய் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். பழகக்கூடாத ஒன்று அது. தரையில் விழும் துளியோடு குடித்தனம் நடத்தலாம். நெருப்பின்மேல் விழும் துளியோடு முடியாது.

*

எஞ்சினுக்கு மூச்சு உண்டு. பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒவ்வொரு வெடிப்பிலும் கொஞ்சம் புகை வளையத்தைத் தாண்டி, கீழே கிராங்க் சுற்றும் அறைக்குள் இறங்கிவிடும். அது வெளியே போக வழி வேண்டும். 948-இல் டெபற் கவரில் இருந்து ஒரு குழாய் காற்று வடிகட்டிக்குப் போகிறது; பக்க மூடி ஒன்றில் இருந்து இன்னொரு குழாய் கீழே இறங்கித் திறந்த வெளியைப் பார்க்கிறது. இந்த வழி தார் போன்ற அழுக்கால் அடைபட்டால், உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எந்த இடம் பலவீனமோ அந்த இடத்தால் ஒயிலைத் தள்ளும். பின்முனைப் புரி எவ்வளவு வாரி உள்ளே தள்ளினாலும் அழுத்தத்தின்முன் தோற்றுவிடும்.

அப்போது ஒரே நாளில் எல்லா இடத்தாலும் ஒழுகும். சொந்தக்காரர் பயந்துபோவார். எஞ்சினை இறக்கச் சொல்லும் ஆட்களும் கிடைப்பார்கள். குழாயைக் கழற்றி ஒரு கம்பியை உள்ளே விட்டு இழுத்து, மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுச் சுத்தம் செய்தால் முக்கால்வாசி ஒழுக்கு நின்றுவிடும். ஆகவே என் குறிப்பேட்டில் வரிசை இப்படி இருக்கிறது: முதலில் மூச்சுக்குழாய், பிறகு பேக்கிங், கடைசியில்தான் கிராங்க். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்த பல எஞ்சின்கள் தேவையில்லாமல் அறுக்கப்பட்டிருக்கின்றன.

மூச்சுக்குழாய் சுத்தமாக இருந்தும் ஒயில் மூடியைத் திறந்தால் புகை பக்பக் என்று தள்ளினால், வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அப்போது பேக்கிங் மாற்றுவதில் பயனில்லை. நோய் வேறு, வியர்வை வேறு.

*

கடுகண்ணாவை ஏற்றம் இந்தக் கார்களுக்குப் பரீட்சை. மாவனல்லை தாண்டியதும் தெரு வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும். கியர் இரண்டுக்கு இறங்கும். வெப்பமானி இல்லாத காரில், பாதத்துக்குக் கீழே தளத்தகடு சுடுவதைக் கொண்டே சூட்டை அறிய வேண்டும். சூடேறிய ஒயில் தண்ணீராக இளகும். இளகினால் ஒவ்வொரு இடுக்கும் அதற்கு வாசல். கிளச்சில் ஒயில் ஏறியிருந்தால் அதுவும் இங்கேதான் தெரியும்: எஞ்சின் இரையும், கார் ஏறாது. கீழ்த்துளையில் அந்தப் பின் இருக்கிறதா, துளை திறந்திருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.

ஏறி முடிந்த இடத்தில் டோசன் கோபுரம் நிற்கிறது. கொழும்பு–கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசன் 1829-இல் இறந்தார். 1832-இல் அவர் நினைவாக இந்த 38 மீற்றர் கோபுரத்தை எழுப்பினார்கள். அங்கே ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து எஞ்சினை ஆற விடுவது பழைய கார்க்காரர்களின் வழக்கம். காரைச் சுற்றிக் குனிந்து பார்க்கும் சாரதியைக் கண்டால் பழம் விற்பவர்களும் குனிந்து பார்ப்பார்கள். ஒருவர் என்னிடம், “ஒழுகுதா சேர்? ஒழுகுனாத்தான் உள்ள ஒயில் இருக்குனு அர்த்தம்” என்று ஆறுதல் சொன்னார். அன்பாகச் சொன்னார். ஆனால் அதை நம்பி அளவுக்கோலை உருவிப் பார்க்காமல் விடக்கூடாது. இந்த எஞ்சின் கொள்வது வடிகட்டியோடு சேர்த்து 3.7 லீற்றர் போலத்தான். மலை ஏறும் முன்னும், ஏறி இறங்கிய பின் சமதரையில் ஆறவிட்டும் கோலை உருவிப் பார்ப்பது ஒயில் வேலையில் முதல் ஒழுக்கம்.

*

ஏன் இந்தத் தீவில் இத்தனை பழைய கார்கள் உயிரோடு இருக்கின்றன? ஆசையால் மட்டும் அல்ல. 1960-களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு தொடங்கியது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகிப்போனது. புதுக் கார் வராத நாட்டில் பழைய காரைச் சாகவிட முடியாது. பேக்கிங் கிடைக்காவிட்டால் தடித்த கடதாசியை எஞ்சின்மேல் வைத்து, சிறிய சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டி அச்செடுத்து வெட்டினார்கள். அந்தத் தட்டும் சத்தம் கண்டியின் சந்துக் கராஜ்களில் இன்றும் கேட்கிறது. இரும்பின் விளிம்பே கத்தரி. கடதாசி அதன் வடிவத்தில் தானே அறுந்து வரும்.

இங்கிலாந்தில் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வேர் என்பவர் இந்தக் கார் நீண்டகாலம் உழைக்கக்கூடியது என்று வாதாடியவர். 1990-களில் அவர் முயற்சியில் இலங்கையின் தெற்கே மைனருக்கான உதிரிப்பாகங்கள் செய்யும் வேலை நடந்தது. இங்கே தட்டியெடுத்த தகடுகள் கப்பலேறி, இந்தக் கார் பிறந்த நாட்டுக்கே போயின. கண்டியிலோ காலியிலோ கரி படிந்த கையோடு வேலை பார்க்கும் ஒரு பையன் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பிறகு 2020-இல் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. 2022-இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை போனது. பெற்றோலுக்கு வரிசை, ஒயிலுக்கு விலை. அந்த மாதங்களில்தான் பலருக்கு ஒரு துளி ஒயிலின் பெறுமதி கண்ணில் பட்டது. தகரத்தட்டு வைத்து ஏந்தி, துணியில் வடிகட்டி மறுபடி ஊற்றியவர்களும் உண்டு. அந்த ஒயிலில் உலோகத்தூளும் புளிப்பும் இருக்கும், எஞ்சினுக்கு நல்லதல்ல. ஆனால் வேறு வழியில்லாதவரிடம் அதைச் சொல்ல வாய் வராது.

*

றப்பர் விளையும் நாடு இது. 1876-இல் அமேசன் காட்டு விதைகளில் இருந்து லண்டன் கியூ பூங்காவில் முளைத்த 1,919 நாற்றுகள் கப்பலில் இங்கே அனுப்பப்பட்டன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக அப்போது துவெயிற்ஸ் இருந்தார். நாற்றுகளைப் பெரும்பாலும் கம்பஹாவில் ஹெனரத்கொடையில் நட்டார்கள். ஆசியாவின் றப்பர்த் தோட்டக்கலையின் தொடக்கங்களில் ஒன்று அது.

ஆனால் அந்த மரத்துப் பாலில் செய்த றப்பரால் ஒயிலைத் தடுக்க முடியாது. ஒரு றப்பர் வளையத்தை எஞ்சின் ஒயிலில் சில நாள் போட்டுவைத்துப் பாருங்கள்; ஊதிப் பருத்து, வழவழத்து, இழுத்தால் அறுந்துவிடும். ஒயில் சீல் செய்ய நைற்றைல் என்ற செயற்கை றப்பர் வேண்டும். அது 1930-களில் ஜெர்மனியில் வந்தது. மைனரின் முன்பக்க மூடியில் ஆரம்பகாலத்தில் கம்பளி ஃபெல்ற்றைத்தான் வைத்தார்கள், பிறகுதான் சீல் வந்தது. ஒயிலில் ஊற்றினால் கசிவு நிற்கும் என்று விற்கும் மருந்துகள் றப்பரைக் கொஞ்சம் ஊதவைத்து வேலை செய்பவை. இந்த எஞ்சினின் பின்முனையில் றப்பரே இல்லை, புரி ஊதாது. அந்தக் காசுக்கு நல்ல ஒயில் ஒரு போத்தல் வாங்கலாம்.

*

துளைக்குக் கீழே என்ன நடக்கிறது?

கண்டி மழையூர். முற்றத்தில் விழுந்த துளி அன்று மாலையே கழுவப்பட்டுவிடும். கழுவிய நீர் கானுக்குப் போகும். நகரத்துக் கான்கள் பல மெத எலயில் சேர்கின்றன. கண்டி வாவியின் மிகுநீரையும் நகரத்தின் அழுக்கையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அந்த ஓடை கெட்டம்பே பக்கம் மகாவலியில் விழுகிறது. அதற்குக் கீழே, கட்டுகஸ்தோட்டையில், குடிநீருக்காக அதே ஆற்றில் இருந்து நீர் எடுக்கிறார்கள். இன்னும் கீழே பொல்கொல்ல அணை. 1976-இல் இருந்து மகாவலி நீரில் ஒரு பங்கு அங்கிருந்து மலைக்கடியால் சுரங்கம் வழியாக உக்குவளைக்குப் போய், வடக்கே வயல்களை நோக்கி ஓடுகிறது. மிச்சம் விக்டோரியா அணை வழியாக நெடுந்தூரம் போய், மூதூருக்கருகே கொட்டியார்க் குடாவில் கடலைத் தொடுகிறது. கண்டியில் ஒரு முற்றத்தில் விழுந்தது கலா வாவிப் பக்கத்து நெல்லுக்கும் போகலாம், திருகோணமலை மீனுக்கும் போகலாம்.

பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றிப் பார்த்து, அது அரை ஏக்கர் அளவுக்குப் பரவியதாக 1774-இல் வெளியான கட்டுரையில் எழுதினார். எஞ்சின் ஒயில் அவ்வளவு மெல்லிசாகப் பரவாது. ஆனால் பரவும் தூரத்துக்கு நிறம் காட்டிக்கொண்டே போகும். ஓடி முடிந்த ஒயிலில் ஈயம், துத்தநாகம் முதல் எரிந்த பெற்றோலின் நச்சு வரை எல்லாம் கரைந்திருக்கும். பழைய ஒயிலைக் கறையானுக்கு என்று வேலித்தூணில் பூசுவதும், நுளம்புக்கு என்று கானில் ஊற்றுவதும் எங்கள் ஊர்களில் பழக்கம். இரண்டையும் விட்டுவிட வேண்டும். கடைசியில் இரண்டும் மழையோடு ஒரே ஆற்றுக்குத்தான் போகின்றன.

இஸிகோனிஸும் ஏ-சீரிஸ் எஞ்சினை வரைந்தவர்களும் துளை வரை யோசித்தார்கள். அவர்கள் காலத்தில் துளைக்குக் கீழே தரை இருந்தது. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்க வேண்டிய ஆட்கள் நாங்கள். ஒரு துளி வடியும் காரை வைத்திருப்பதில் வெட்கம் இல்லை. ஒயில் குறையாமல் பார்த்து, சூடான குழாயில் விழாமல் பார்த்து, கிளச்சில் ஏறாமல் பார்த்து அந்தக் காரை இன்னும் முப்பது ஆண்டு ஓட்டலாம். ஒரு புதுக் காரைச் செய்ய உருக்கும் இரும்பையும் எரிக்கும் நிலக்கரியையும் நினைத்தால், ஓட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தத் துளிக்கு நாம் பொறுப்பு.

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பெல் ஹவுசிங்கின் கீழே அந்த ஸ்பிளிற் பின் இருக்கிறதா என்று இந்த வாரமே குனிந்து பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்றைப் போடுங்கள். இரவில் துளைக்கு நேர் கீழே ஒரு தகரத்தட்டு வையுங்கள், உள்ளே பழைய துணியோ மரத்தூளோ போட்டு. தட்டில் சேர்ந்ததையும் ஒயில் மாற்றும்போது எடுத்ததையும் ஒரு மூடிபோட்ட கேனில் சேர்த்து, பழைய ஒயிலைப் பீப்பாயில் சேகரிக்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள்.  கானில் மட்டும் ஊற்றாதீர்கள். கட்டுகஸ்தோட்டையில் குழாயைத் திறக்கும் வீட்டுக்காரர்களுக்கு உங்கள் காரைத் தெரியாது. நீங்கள் அவர்களைத் தெரிந்து வைத்திருங்கள்.